அழையாத கோணங்கள்

கணக்கு டீச்சர் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நீங்களும் கேட்டீர்கள் அக்கா. இந்த சைன், காஸ் எல்லாம் யாருக்கு உதவுது? தப்பில்லை. என் அம்மாவும் கேட்டிருக்கிறாள். நான் எம்.எஸ்சி. பட்டம் வாங்கி வந்த அன்று, முந்திரி உடைத்துக் கறுத்துப்போன விரல் படாமல் அந்தத் தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல வேலை எந்த எடத்துலடி எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். கேட்காமல் என்ன செய்வாள்?

யாருக்கு உதவியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணுக்கு உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. மோனிஷா என்று பெயர். என்னிடம் ப்ளஸ் டூ படித்தவள். இப்போது பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் இருக்கிறாள். அவள் அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதுதான் என் மனசில் கிடக்கிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். என் மேல் தப்பு இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

திருச்சியில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. வருஷா வருஷம் ப்ளஸ் டூ பெண்களுக்குக் கணக்கில் ஒரு தேர்வு வைப்பார்கள். அரசுப் பள்ளிப் பெண்கள் மட்டும்தான் எழுதலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒருத்தி. ஜெயித்தால் காலேஜ், விடுதி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடிக்கிறவரை வீட்டுக்கும் மாதம் ஒரு தொகை அனுப்புவார்கள். நான் படித்ததே அதில்தான். அவர்கள் இல்லையென்றால் நானும் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிதான் உடைத்துக்கொண்டிருப்பேன்.

மோனிஷா வீட்டிலும் அதே கணக்குத்தான். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கீழே இரண்டு தம்பிகள். அந்த அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள்: "வீட்டுக்கும் ஏதோ வரும்னு சொல்றீங்க. வந்தா அவ படிக்கட்டும். வரலைன்னா மில்லுக்குத்தான் டீச்சர். வேற வழி எங்கிட்ட இல்ல." அதில் மறைவு ஒன்றும் இல்லை. மோனிஷாவும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நல்ல மூளை அக்கா அவளுக்கு. உங்களுக்கு எப்படிச் சொல்வது? முப்பது டிகிரிக்கு, நாற்பத்தைந்துக்கு சைன் மதிப்பு எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டையும் கூட்டி, சூத்திரம் போட்டு, எழுபத்தைந்துக்குக் கண்டுபிடிக்கலாம். கழித்தால் பதினைந்துக்கு வரும். அதோடு மற்ற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடும். இவள் மூட மாட்டாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பதினெட்டுக்கு வருது. பதினைஞ்சுக்கு வருது. கழிச்சா மூணு டிகிரிக்கும் வந்துடுச்சு. ஒரு டிகிரிக்கு மட்டும் ஏன் டீச்சர் வரமாட்டேங்குது? மூணு நாளா முட்டிக்கிட்டு இருக்கேன்."

"அது பரீட்சைக்கு வராது. போய்ச் சாப்பிடு" என்றேன்.

சரிதானே? வராததை எதற்குப் போட்டுக் குழப்ப வேண்டும்?

இப்போது, அறக்கட்டளைத் தேர்வில் வந்த ஒரு கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், பயப்படாதீர்கள். ஒரு கோணத்தின் சைனையும் காஸையும் கூட்டினால் ஒன்று வருகிறது. அது என்ன கோணம்? இவ்வளவுதான் கேள்வி. இதை இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்துவார்கள். வர்க்கப்படுத்தினால் சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்து ஒன்று ஆகிவிடும். அது எப்போதும் அப்படித்தான், எந்தக் கோணமாக இருந்தாலும் மாறாது, முற்றொருமை என்போம். அந்த ஒன்று வலது பக்கத்து ஒன்றோடு அடிபட்டுப் போகும். மிச்சத்தைத் தீர்த்தால் நான்கு கோணம் வரும். பூஜ்யம், தொண்ணூறு, நூற்றெண்பது, இருநூற்றெழுபது.

நான்கும் விடை என்று எழுதினால் போச்சு. முதல் இரண்டுதான் உண்மை. மற்ற இரண்டையும் கேள்வியில் போட்டுப் பார்த்தால் ஒன்று வராது, கழித்தல் ஒன்று வரும். கழித்தல் ஒன்றை வர்க்கப்படுத்தினாலும் ஒன்றுதானே? அந்தச் சந்தில் உள்ளே நுழைந்துவிட்டவை அவை.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பதிய வைப்பது? நான் ஒரு வழி வைத்திருந்தேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் பந்திக் கூடத்து வாசலில் ஒரு ஆள் நிற்பாரில்லையா, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுக்கொண்டு? அதைத்தான் சொன்னேன். வர்க்கப்படுத்துவது என்றால் மண்டபத்துக் கதவை அகலத் திறந்துவிடுவது. ரோட்டில் போகிறவனும் இலை போட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் ஒவ்வொரு விடையையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ எந்த வீடு என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாதது அழையா விருந்தாளி. அதன் பக்கத்தில் ‘வி’ என்று எழுதி ஒரு வட்டம் போடு. அடித்துவிடு.

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க சித்தப்பா பத்திரிகை வைக்காத கல்யாணத்துல எல்லாம் சாப்பிட்டு வருவாரு. அவரு என்ன கோணம்?" என்றாள்.

"உங்க சித்தப்பாதான்டி நூத்தியெண்பது" என்றாள் மோனிஷா.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எல்லா நோட்டிலும் அந்த வட்டத்துக்குள் ‘வி’ இருக்கும். வேறு எந்தப் பள்ளியிலும் இருக்காது. இருக்க வாய்ப்பே இல்லை. நானாக உண்டாக்கியதுதானே.

அந்த வருஷம் தேர்வுத் தாள் திருத்த அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. அவர்கள் பணத்தில் படித்த பெண் அவர்களுக்கே தாள் திருத்தப் போகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஏதாவது ஒரு சின்னப் பிசகு நடந்தால்கூட, இவங்களை எல்லாம் படிக்க வச்சா இப்படித்தான் என்று ஒரு சொல் வந்துவிடும். அந்தச் சொல் எனக்கு மட்டும் வராது. எங்கள் தெருவுக்கே வரும். உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை.

என் பள்ளிப் பெண்களும் எழுதியிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வேதநாயகம் சார்தான் திருத்துகிறவர்களுக்குத் தலைவர். ரிடையர்டு ஹெட்மாஸ்டர், நல்ல மனுஷர். "தாள்ல பேரும் இருக்காது, ஊரும் இருக்காதும்மா. வெறும் நம்பர்தான். நீங்க பாட்டுக்குத் திருத்துங்க" என்றார். தாளின் முதல் பக்கத்திலேயே விதி அச்சடித்திருக்கும். ஆளை அடையாளம் காட்டும் குறி எதுவும் இருந்தால் அந்தத் தாள் செல்லாது.

திருத்திக்கொண்டே வருகிறேன். ஒரு தாளைப் பிரிக்கிறேன். நூற்றெண்பதின் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘வி’. இருநூற்றெழுபதின் பக்கத்திலும் ‘வி’.

கையெழுத்தைப் பார்த்தேன். மோனிஷா எழுத்து. தினமும் பார்க்கிற எழுத்து எனக்குத் தெரியாதா?

இவளுக்கு அறிவு வேண்டாமா அக்கா? நோட்டில் எழுதுவதைத் தேர்விலும் எழுதுவார்களா? நோட்டுக்கு மட்டும்தான், பரீட்சையில் எழுதாதீர்கள் என்று நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருப்பேனா?

பக்கத்து மேஜையில்தான் வேதநாயகம் சார் இருந்தார். "சார், இந்தத் தாளை நீங்க திருத்துங்க" என்று நீட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே? தெரிந்த பெண் என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்பார். குறியைக் காட்ட வேண்டும். காட்டினால் தாள் செல்லாது. சரி, ஒன்றும் தெரியாத மாதிரி திருத்திவிடலாம் என்றால், நாளைக்கு யாராவது, தன் மாணவிக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டார்களா?

அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மற்ற தாள்களைவிட இதை இறுக்கித் திருத்தினேன். அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். விடை சரி, வழி சரி. ஆனால் அந்த இரண்டு கோணத்தையும் ஏன் தள்ளினாள் என்று காரணம் எழுதவில்லை. ‘வி’ என்பது காரணம் ஆகுமா? இரண்டு மதிப்பெண் குறைத்து மூன்று போட்டேன். அதற்கு முந்தின தாளில் ஒரு பெண் அந்த இரண்டையும் சும்மா கோடு போட்டு அடித்திருந்தாள். காரணம் என்று ஒரு எழுத்து கிடையாது. அவளுக்கு ஐந்து போட்டிருந்தேன். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது, அதனால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. இவள் விஷயம் அப்படி இல்லையே.

போட்டு முடித்ததும் மனசு லேசாகிவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். பாரபட்சம் பார்க்கவில்லை என்று.

முடிவு வந்தது. மோனிஷா இரண்டாம் இடம். ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது.

அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "டீச்சர், பேப்பரைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேக்கலாமாம். கூட ஒரு டீச்சர் வரணுமாம். வர்றீங்களா?" என்றாள். எப்படிப் போகாமல் இருப்பது? அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திருச்சிக்குப் போனோம். ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் வேதநாயகம் சார், அறக்கட்டளைச் செயலாளர் அம்மா. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். சார் தாளை எடுத்துப் பொறுமையாகப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு வந்ததும், "இதுக்கு ஏன் மூணு? விடை சரியாத்தானே இருக்கு?" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஒரு மதிப்பெண்ணில் மோனிஷா முதல் இடம். அவள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

அங்கேயே எழுந்திருந்தால் தீர்ந்திருக்கும். சார் சும்மா கேட்டார்: "அது என்னம்மா, வட்டத்துக்குள்ள ‘வி’?"

இவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷத்தில் இருந்தாளா, நிறுத்தவே இல்லை. கல்யாணம், பந்தி, வாசலில் நிற்கிற ஆள், நூற்றெண்பது டிகிரிச் சித்தப்பா எல்லாம் சொன்னாள். சார் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்! யாரு சொல்லிக் கொடுத்தது?"

"எங்க டீச்சர்தான் சார். எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம்" என்று என்னைக் காட்டினாள். அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

செயலாளர் அம்மா சிரிக்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பிக் கீழே திருத்தியவர் கையெழுத்தைப் பார்த்தார். "கோகிலவாணி. இது நீங்கதானே? உங்க கிளாஸ்ல மட்டும் போடுற குறி. நீங்களே திருத்தியிருக்கீங்க. அப்ப இது அடையாளக் குறிதானே சார்?"

வேதநாயகம் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "குறி இருக்கிறதனால மட்டும் தாள் செல்லாதுன்னு ஆயிடாது. திருத்துறவங்களுக்கு ஆள் தெரிஞ்சாத்தான் அது அடையாளம். கட்டுக்கட்டாத் திருத்துறோம். இதெல்லாம் யார் கண்ணுல படுது? திருத்தும்போது இது யாரோட தாள்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. அப்படித்தானே கோகிலா?"

மோனிஷா கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது.

"யோசிச்சே சொல்லும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. தெரியாதுதானே?"

சார் இரண்டு தடவை கேட்டார், அக்கா. தெரியாது என்று ஒரு வார்த்தை. ஆனால் எனக்குத் தெரியுமே! அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவர்கள் கொடுத்த படிப்பைப் படித்து, அவர்கள் மேஜையில் உட்கார்ந்து பொய் சொல்வதா? நாளைக்கு வெளியே வந்தால்?

"தெரியும் சார்" என்றேன். "மோனிஷாவோடதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் இறுக்கித் திருத்தினேன்."

சார் பேனாவை மூடினார். செயலாளர் அம்மா, "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கணும் இல்லையா? வேற ஆளு திருத்தியிருப்பாங்க" என்றார். தாள் செல்லாது என்று எழுதினார்கள். முதல் இடமும் இல்லை, இரண்டாம் இடமும் இல்லை. அவள் பெயரே பட்டியலில் இல்லாமல் போய்விட்டது.

மோனிஷா கையை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். குனிந்தபடியே கேட்டாள்.

"டீச்சர், இறுக்கித் திருத்தினேன்னு சொன்னீங்களே. எதுக்குக் குறைச்சீங்க?"

"நீ காரணம் எழுதலையே மோனிஷா. ‘வி’ன்னு போட்டா ஆச்சா?"

"மத்தவங்க எழுதியிருந்தாங்களா டீச்சர்?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தனை தாளில் எதை என்று நினைவு வைத்துக்கொள்வது? அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்றாள்.

மறு வருஷம் அறக்கட்டளை என்னைக் கூப்பிடவில்லை. இந்த வருஷமும் இல்லை. உண்மையைச் சொன்னவளுக்குக் கிடைத்தது இது. தெரியாது என்று சாதித்திருந்தால் இன்றைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது வகுப்பில் அந்தக் கணக்கை வர்க்கப்படுத்தச் சொல்வதே இல்லை. ரூட் இரண்டால் வகுத்து நேராகப் போட்டால் இரண்டே விடைதான் வரும், தள்ள வேண்டியது எதுவும் உள்ளே வராது. பந்திக் கதையையும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரிப்பதில்லை. பரவாயில்லை, தப்பு நடக்காது.

மோனிஷா ப்ளஸ் டூ நல்லபடியாகத்தான் பாஸ் செய்தாள். கணக்கில் எங்கள் பள்ளியிலேயே முதல். மார்க் ஷீட் வாங்க அவள் வரவில்லை, தம்பிதான் வந்தான். அவள் அம்மாவுக்கு நான் விளக்கிச் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவர்கள் வீட்டு வரைக்கும் போனேன். உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. சத்தத்தில் கேட்டிருக்காது.

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீர்கள்? மோனிஷாவுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாதான் ஏதோ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மோனிஷா அப்படிப்பட்ட பெண் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

திருச்சியிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். நான் ஏறி இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். ஏறி வந்தாள். "உட்காரு மோனிஷா" என்று பையை எடுத்தேன். "பரவால்ல டீச்சர், நின்னுக்கிறேன்" என்றாள். லால்குடியில் பாதி பஸ் காலியானது. அப்போதும் கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். கீழப்பழுவூர் தாண்டும்போது நாலைந்து பேர்தான் இருந்திருப்போம். கண்டக்டர்கூட, "ஏம்மா, இவ்வளவு சீட்டு கிடக்கு, ஏன் நிக்கிற?" என்று சத்தம் போட்டார். அவள் காதில் வாங்கவில்லை. அரியலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றே வந்தாள்.

டீச்சர் பக்கத்தில் சமமாக உட்காரக் கூடாது என்று ஒரு மரியாதை. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அக்கா அப்படி நிற்கும்?